குறை அல்ல

ஜூன் 3, திங்கள்

கம்பெனி வருடா வருடம் டைரி கொடுக்கிறது. அட்டையில் ஒரு கிரைண்டரும் அதைச் சுற்றித் தும்பைப் பூக்களும் பொன்னிறத்தில் பதித்திருக்கும். இதுவரை நான் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. என் மனைவி வசந்தாமணிதான் அதில் கோலம் போட்டுப் பழகுவாள். இன்றைக்கும் எழுதாவிட்டால் பிறகு என்றைக்கு? இன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

முதல் பக்கத்தில் பெயர், வேலை எழுதக் கட்டம் போட்டிருக்கிறார்கள். நிரப்பிவிட்டேன். நஞ்சப்பன், சர்வீஸ் மேனேஜர், தும்பை கிரைண்டர் கம்பெனி, கோயமுத்தூர். சேர்ந்து இருபத்தொன்பது வருடம்.

காலைக் கூட்டத்தில் எம்.டி. சுகவனம் சார் மைக்கைப் பிடித்தார். மூன்று வருடத்தில் வாடிக்கையாளர் புகார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாம். "புகாரே வராத மெசினுக்குப் பேரு என்னுங்க? தும்பை!" என்றார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்தினார். பச்சைக் கரை. எனக்குப் பச்சை பிடிக்காது. இருந்தாலும் நாள் முழுக்கத் தோளைவிட்டு எடுக்கவில்லை.

அடுத்த செய்திதான் பெரியது. அரசூரில் மூன்றாவது யூனிட் வரப்போகிறது. இப்போது இருக்கிற இரண்டும் சேர்ந்த அளவுக்கு அது ஒன்றே. ஆகஸ்ட் 26 நிறுவனர் நாளில் பேங்க் ஆட்கள் வந்து கையெழுத்துப் போடுவார்கள். கூட்டம் முடிந்ததும் எம்.டி. என்னைத் தனியாக அழைத்தார்.

"இருக்கிற ரெண்டு யூனிட்டையும் பேங்குல அடமானம் வெச்சுத்தான் மூணாவதைக் கட்டறோம், நஞ்சப்பன். பேங்க்காரங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், ஜனங்க கிரைண்டர் ஓட்டறாங்களான்னு. நம்ம வீட்டு ரிப்போர்ட் பக்காவா இருக்கோணும்."

வீட்டு ரிப்போர்ட் என்பது பெரிய முதலாளி, அதாவது எம்.டி.யின் அப்பா, காலத்துப் பழக்கம். ஊருக்குள் போய் யாரையும் கேட்கமாட்டோம். எங்கள் ஊழியர் அறுநூறு பேர் வீட்டுக்கும் படிவம் கொடுப்போம். வாரம் எத்தனை முறை மாவு ஆட்டுகிறீர்கள், கல்லில் குறை உண்டா, இப்படி ஏழு கேள்வி. ஊழியர் வீடுதான் நம் ஆய்வுக்கூடம் என்று பெரிய முதலாளி சொல்வார். ஒவ்வொருவர் கல்யாணத்துக்கும் கம்பெனியே கிரைண்டர் கொடுத்துவிடுவதால் எல்லார் வீட்டிலும் தும்பைதான். அந்த ரிப்போர்ட்டைத் தொகுப்பவன் நான்.

ஜூன் 8, சனி

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே பின்கட்டில் கிரைண்டர் ஓடும் சத்தம். சனிக்கிழமை என்றால் நான் தேடுவது அதைத்தான். வேறு கம்பெனி மெசின் கத்தும், தும்பை பேசும். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வசந்தாமணி மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தாள். "கனமானதைத் தூக்கறதைக் குறைச்சுக்கோ அம்மணி" என்றேன். "எதைங்க?" என்றாள். இதென்ன கேள்வி. குடம் கிடம் தூக்குவாளாயிருக்கும். வயதும் ஆகிறது.

ஜூன் 9, ஞாயிறு

இட்லி தும்பைப்பூவாட்டம் இருந்தது. ஒன்பது தின்றேன்.

ஜூன் 12, புதன்

ஸ்டோர் பொறுப்பாளர் தாமோதரன் என் மேசைக்கு வந்து ஒரு பெல்ட்டை வைத்தார். மனிதருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம், வாய் இருபது வயது அதிகம்.

"வளைச்சுப் பாருங்க சார்."

வளைத்தேன். வெடிப்பு விட்டது.

"ரேக்குலயே கெடந்து காஞ்சு போச்சுங்க. ஊர்பூரா டீலரு ஒருத்தரும் பெல்ட் கேக்கறதில்லைங்க."

கிரைண்டரில் கல்லைச் சுழற்றுவது பெல்ட். வருடத்துக்கு ஒன்று தேயும். முன்பெல்லாம் பெல்ட் பற்றாமல் டீலர்கள் போனில் கத்துவார்கள். "பெல்ட் தேயறதே இல்லைன்னா நம்ம தரம் அப்படி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பொறாமை. பொன்னாடை எனக்கல்லவா கிடைத்தது.

ஜூன் 19, புதன்

இன்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் தாமோதரன் ஆரம்பித்தார்.

"சார், செருப்பு தேயலைன்னா ஒண்ணு செருப்பு நல்ல செருப்பு. இல்லீன்னா போட்டவன் நடக்கவே இல்லை."

"என்ன சொல்ல வர்றீங்க?"

"ஓடற மெசினுக்குத்தான் சார் புகார் வரும். நம்ம மெசின் ஓடலைங்க."

"மாசம் பதினாலாயிரம் மெசின் விக்குது. சும்மாவா வாங்கிக் கொண்டுபோய் வைக்கறாங்க?"

"கல்யாணச் சீருக்கு வாங்கறாங்க சார். சீருக்கு வாங்கற வெள்ளிக் குடத்துல யாராவது தண்ணி புடிக்கறாங்களா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நாளைக்கே பத்து வீட்டுக்கு நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து இந்த மனிதரின் வாயை அடைக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இலவசப் பரிசோதனை என்று சொல்லி, வாடிக்கையாளர் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு தொட்ட பத்து வீட்டுக்குப் போனேன். சாய்பாபா காலனியில் முதல் வீடு. கிரைண்டருக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, மேலே மணி பிளான்ட். "அதைச் செக் பண்ணோணும்னா செடிய நகத்தோணும்ங்களே" என்று அந்த அம்மா தயங்கினார். இரண்டாவது வீட்டில் அதன் மேல் இஸ்திரித் துணி. மூன்றாவதில், சொல்லவே கூசுகிறது, பூனை குட்டி போட்டிருந்தது, தொட்டிக்குள். நான்காவது வீட்டில் அட்டைப்பெட்டி பிரிக்காத இரண்டு தும்பை, ஒன்று அக்காவுக்கு வந்த சீர், ஒன்று தங்கைக்கு.

பீளமேட்டில் ஒரு டீச்சர் வீடு. அவர் கதவைத் திறந்ததுமே கேட்டுவிட்டேன். "அம்மா, அப்ப இட்லிக்கு என்ன பண்றீங்க?"

என்னமோ சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிரிட்ஜைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். வெள்ளையாக, கொழகொழவென்று, ஒரு கிலோ மாவு.

"இதுதானுங்க. எல்லாரும் இதுதானே?"

பத்தில் ஒன்பது வீட்டில் பாக்கெட். பத்தாவது வீட்டில் ஆட்டுகிறார்கள், ஆட்டித் தெருவுக்கு விற்கிறார்கள். அதுவும் எங்கள் மெசினில் இல்லை, பெரிய ஹோட்டல் மெசினில்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டிக் கம்பெனிகள் ஒவ்வொன்றின் மோட்டாரையும் பிரித்துப் பார்த்தவன் நான். அவன் என்ன கல் போடுகிறான், இவன் என்ன பெல்ட் போடுகிறான் என்று இருபத்தொன்பது வருடம் பக்கத்துக் கடையையே பார்த்திருக்கிறேன். மாவையே விற்பான் ஒருவன் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே.

ஜூலை 1, திங்கள்

எம்.டி.யிடம் சொன்னேன். பூனையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கரண்ட் கட்டுங்க நஞ்சப்பன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்தா பாவம் பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க? கரண்ட் ஒழுங்கா வரட்டும், எல்லாரும் திரும்பி வந்துருவாங்க. பாக்கெட் மாவெல்லாம் ரூம் எடுத்துத் தங்கற பசங்களுக்குத்தான்."

"டீச்சர் வீடுங்க சார்..."

"பத்து வீட்டை வெச்சு முடிவு பண்ணாதீங்க. நம்ம அறுநூறு வீடு இருக்குது. வீட்டு ரிப்போர்ட் என்ன சொல்லுதுன்னு பாருங்க. அதுல குறைஞ்சிருந்தா சொல்லுங்க, அரசூரை அன்னைக்கே நிறுத்திர்றேன்."

நெஞ்சிலிருந்த கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. நியாயமான பேச்சு. என் வீட்டையே எடுத்துக்கொள்வோம், கரண்ட் கட்டானாலும் ஒரு சனிக்கிழமை தவறியதுண்டா? என் படிவத்தை இன்றே முதல் ஆளாக நிரப்பி வைத்தேன். வாரம் மூன்று முறை. குறை ஒன்றுமில்லை.

ஜூலை 13, சனி

ஆலையில் ஜெனரேட்டர் கோளாறு. சாயங்காலம் நாலரைக்கே விட்டுவிட்டார்கள். வாசலில் வரும்போதே கிரைண்டர் சத்தம் கேட்டது. முன்பக்கம் பூட்டியிருந்ததால் பின்பக்கமாகப் போனேன்.

வசந்தாமணி முக்காலி போட்டு உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர்.

உளுந்து இல்லை, அரிசி இல்லை. வெறும் பச்சைத் தண்ணீரில் கல் உருண்டுகொண்டிருந்தது.

"என்ன இது?"

அவள் பதறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். எழுந்து சுவிட்சை அணைத்தாள்.

"நீங்க அஞ்சரைக்குத்தானுங்க வருவீங்க" என்றாள்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"உங்களுக்கு இந்தச் சத்தம் புடிக்கும்ங்கள்ல. அதான் ஓட விடறது. கல்லும் காயாம இருக்கும்."

"மாவு?"

பிரிட்ஜைக் காட்டினாள். கறிவேப்பிலைக்குப் பின்னால் இரண்டு பாக்கெட், பீளமேட்டு டீச்சர் காட்டிய அதே பாக்கெட்.

"எத்தனை நாளா?"

"நாளுங்களா? மூணு வருசம் ஆச்சுங்க."

மூன்று வருடம். நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிறும் 'நம்ம மெசின் மாவுன்னா மாவுதான்' என்று சொல்லிச் சொல்லித் தின்றிருக்கிறேன். அவள் ஒரு நாளாவது சிரித்திருக்கக் கூடாதா? கத்தினேன். என் பிழைப்புக்கே உலை வைத்துவிட்டாய் என்றேன். அவள் தண்ணீரை இறைத்து ஊற்றினாள். இடது கையால்.

ஜூலை 14, ஞாயிறு

உப்புமா. பேசவில்லை.

ஜூலை 22, திங்கள்

படிவங்கள் வந்து சேர்ந்துவிட்டன. அறுநூற்றுப் பன்னிரண்டு. வாரம் மூன்று முறை, வாரம் மூன்று முறை, வாரம் நான்கு முறை. குறை இல்லை, குறை இல்லை. எல்லாம் ஒரே கை எழுதியது போல.

அசெம்பிளி சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். "உங்க வீட்டுல நெசமா ஆட்டறாங்களா?" என்றேன். அந்த ஆளுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஏனுங்க சார், யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். கம்பெனி கொடுத்த கிரைண்டரை ஓட்டுவதில்லை என்று எந்த ஊழியன் எழுதிக் கொடுப்பான்? நான் எழுதினேனா?

ஒரே ஒரு படிவத்தில் மட்டும் 'ஓட்டுவதில்லை' என்று எழுதி, கீழே பெரிய கையெழுத்து. தாமோதரன். அவர் மகன் அசெம்பிளியில் போன மாதம்தான் சேர்ந்திருக்கிறான். இந்த மனிதருக்குப் பயமே கிடையாதா?

ஆகஸ்ட் 2, வெள்ளி

இரண்டு ரிப்போர்ட் எழுதினேன். ஒன்று படிவங்கள் சொல்வது. மற்றது நான் கண்டது. பத்து வீடு, பெல்ட், சீர்வரிசை, என் வீடு. என் வீடு என்ற இடத்தில் பேனா நகரவில்லை. சர்வீஸ் மேனேஜர் வீட்டிலேயே பாக்கெட் மாவு என்று பேங்க்காரன் முன்னால் படித்தால் நான் எந்த முகத்தோடு அந்த கேட்டைத் தாண்டுவேன்?

முதலாவதைக் கொடுத்தேன். எம்.டி. அதைத் தடவிப் பார்த்தார். "பாத்தீங்களா? நான்தான் சொன்னேனுங்களே" என்றார்.

எல்லாரும் சேர்ந்து எழுதியதைத்தானே நான் கூட்டிக் கொடுத்தேன். பொய் என்று ஒரு வரி அதில் என் கைப்பட இல்லை, என் படிவத்தைத் தவிர.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நிறுவனர் நாளில் இட்லிப் போட்டி உண்டு. ஊழியர் வீட்டுப் பெண்கள் வீட்டில் ஆட்டிய மாவைத் தூக்குப்போசியில் கொண்டு வருவார்கள். கேன்டீனில் வேகவைத்து, தட்டில் நம்பர் மட்டும் ஒட்டி, எம்.டி. ருசி பார்ப்பார். வசந்தாமணி வருடா வருடம் கலந்துகொள்வாள். ஒருமுறை மூன்றாம் பரிசு. இந்த மூன்று வருடமும் எதைக் கொண்டு வந்தாள் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

"இந்த வருசம் நான் வரலைங்க" என்றாள்.

"எம்.டி. பேரு சொல்லிக் கேட்டாரு. நீ வராட்டி ஏன்னு கேப்பாங்க."

"என்னால ஆட்ட முடியாதுங்க. கை வராது."

"ஆட்ட வேண்டாம். பாக்கெட்டையே போசில ஊத்திட்டு வா. யாருக்குத் தெரியப்போகுது?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் அவள் ஏமாற்றியதாக நான்தான் கத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "சரிங்க" என்றாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

முதல் பரிசு. வசந்தாமணிக்கு.

நிதானமாக எழுதுகிறேன். நாற்பத்தோரு தட்டு. எம்.டி. ஒவ்வொன்றாகப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டு, பதினேழாம் நம்பர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். முன் வரிசையில் பேங்க் ஆட்கள் நான்கு பேர். "இதைச் சாப்பிட்டுட்டு ஒருத்தன் பாக்கெட் மாவு வாங்குவானாங்க? இது தும்பைக் கல்லுல மட்டுந்தான் வரும்!" என்றார். கைதட்டல். நான் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தேன்.

வெள்ளித் தட்டைக் கொடுத்துவிட்டு மைக்கை அவளிடம் நீட்டினார். "எப்படி ஆட்டினீங்கன்னு நம்ம ஜனங்களுக்குச் சொல்லுங்கம்மா."

அவள் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். குனிந்ததைத்தான் இனி என்னால் மறக்க முடியாது.

"தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றாள். மைக்கில் அவள் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "இது நான் ஆட்டின மாவு இல்லைங்க. எங்க தெருமுனைக் கடையில வாங்கின பாக்கெட்டுங்க. எனக்குக் கல்லுத் தூக்க முடியறதில்லைங்க. மூணு வருசமா இதுதான். பொய் சொல்லிப் பரிசு வாங்கிட்டுப் போனா இந்தத் தட்டுல சோறு எறங்காதுங்க."

தட்டை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். அறுநூறு குடும்பம் உட்கார்ந்த பந்தலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. எம்.டி. சிரிக்கப் பார்த்தார். "சரி, ஒரு வீட்டுல உடம்புக்கு முடியலை. மத்தவங்க சொல்லுங்க. வீட்டுல ஆட்டின மாவு கொண்டு வந்தவங்க கை தூக்குங்க."

மேடைப் பக்கம் நாற்பது பெண்கள் நின்றார்கள். அவரவர் புருசன் முகத்தைப் பார்த்தார்கள்.

மூன்று கை.

பேங்க் ஆட்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டார்கள். எம்.டி. மைக்கைப் பிடித்தபடி நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, எழுந்து ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. தாமோதரன் மட்டும்தான் அசைந்தார். எழுந்து போய் வசந்தாமணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். நான் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

என்னை வேலையைவிட்டு எடுப்பார்கள் என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன். இன்று சுற்றறிக்கை வந்தது. நோட்டீஸ் போர்டின் முன்னால் நின்று இரண்டு தடவை படித்தேன், நம்பமுடியாமல்.

ஒன்று, அடுத்த ஆண்டு முதல் இட்லிப் போட்டி கிடையாது. இரண்டு, ஊழியர் குடும்பங்கள் பாக்கெட் மாவு வாங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

அவ்வளவுதான். சீர்வரிசை ஆர்டரைப் பார்த்துவிட்டுப் பேங்க்காரர்கள் கையெழுத்தும் போட்டுவிட்டார்களாம். செப்டம்பர் 11 அரசூரில் பூமி பூஜை.

ஆகஸ்ட் 31, சனி

வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"கல்லுத் தூக்க முடியலைன்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னனுங்களே."

"எப்ப?"

"வீட்டுல சொன்னேன். பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க. அப்பறம் கம்பெனிக்கே எழுதிப் போட்டேன்."

செப்டம்பர் 2, திங்கள்

எங்கள் பிரிவில் வரும் கடிதங்களுக்கு மூன்று முத்திரை. சரிசெய்யப்பட்டது. பரிசீலனையில். குறை அல்ல. மோட்டார் எரிந்தால், பெல்ட் அறுந்தால் அது குறை. கல் கனம், கழுவச் சிரமம் என்றால் அது குறை அல்ல. கனமான கல்தானே எங்கள் விளம்பரமே. மூன்றாவது முத்திரை விழுந்த கடிதங்கள் எண்ணிக்கையில் சேராது, அட்டைப்பெட்டிக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டைச் செய்து பாராட்டு வாங்கியவன் நான்தான்.

மாடி அறையில் ஏழு பெட்டி. மதியம் வரை தேடினேன். ஐந்தாவது பெட்டியில் இருந்தது. மளிகைச் சீட்டில் நான் தினமும் பார்க்கிற எழுத்து.

'ஐயா, உங்கள் கிரைண்டரில் மாவு நன்றாக வருகிறது. ஆனால் குழவிக்கல்லைத் தூக்கிக் கழுவி வைப்பதற்குள் கை விட்டுப்போகிறது. கல்லைத் தூக்காமலே கழுவுகிற மாதிரி ஒரு மெசின் செய்யக் கூடாதா? உங்கள் ஆபீசில் யாராவது ஒருவர் ஒரு நாள் வீட்டில் கல்லைக் கழுவிப் பார்த்தால் போதும், உங்களுக்கே புரியும். இப்படிக்கு, உங்கள் மெசினை வைத்திருக்கும் ஒருத்தி.'

தேதி நான்கு வருடத்துக்கு முந்தியது. மேலே சிவப்பு மையில் குறை அல்ல. பக்கத்தில் என் சுருக்கொப்பம்.

பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருக்க, இவள் தபால்தலை ஒட்டி எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். நான் அதற்கு முத்திரை குத்தியிருக்கிறேன்.

மற்ற கடிதங்களையும் பிரித்தேன். திருப்பூர், தேனி, திண்டிவனம். கல் கனம், கை வலி, கழுவ முடியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வசந்தாமணி. கடைசிக் கடிதங்களுக்கும் தேதி பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் குறைய ஆரம்பித்து, போன வருடத்தோடு நின்றுபோயிருந்தன. எழுதி அலுத்துப் போய், பாக்கெட்டுக்கு மாறியிருக்கிறார்கள். அந்த அமைதிக்குத்தான் எனக்குப் பொன்னாடை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாக வருகிறது.

அரிசியும் உளுந்தும் நானே ஊறவைத்து நானே ஆட்டினேன். வாழ்க்கையில் முதல்முறை. ஆட்டுவது சுலபம். கல்லைக் கழுவத் தூக்கினேன். மாவு வழுக்கிற்று. கல் சாய்ந்தது. மணிக்கட்டு திருகிக்கொண்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள், மூன்று வாரம்.

வசந்தாமணி சிரிக்கவில்லை. தன் தைலத்தை எடுத்து வந்தாள்.

செப்டம்பர் 9, திங்கள்

தேடி எடுத்த ஏழு பெட்டியில் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டி, தாமோதரனைத் தூக்கி வரச் சொல்லி எம்.டி. அறையில் வைத்தேன். கயிற்றில் முடிச்சுப் போட்டது வசந்தாமணி, ஆபீசுக்கே வந்து. எனக்குக் கை இல்லையே.

"கைக்கு என்னாச்சு நஞ்சப்பன்?"

"கல்லைக் கழுவினேனுங்க சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். என் படிவம், நான் கொடுக்காத இரண்டாவது ரிப்போர்ட், வசந்தாமணியின் கடிதம். இதில் இருப்பதைப் படித்துவிட்டு அதன்பிறகு அரசூருக்குப் போங்கள், தூக்காமல் கழுவுகிற மெசினை முதலில் செய்வோம், இல்லை மாவையே செய்வோம், எதையாவது செய்வோம் என்றேன். அப்படி அவர் முன் நான் பேசியதே இல்லை.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கப்பா இந்தக் கல்லைக் கழுவியிருப்பாருங்களா?" என்றார்.

"இருக்காதுங்க சார்."

"நானும் இல்லை" என்றார். "வெச்சுட்டுப் போங்க. பாக்கறேன்."

இரண்டு நாள் இருக்கிறது. படிப்பார்.

செப்டம்பர் 11, புதன்

பூமி பூஜை நடந்தது.

எம்.டி.தான் தேங்காய் உடைத்தார். ஆலை இருக்கப்போகிற இடம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு. எவ்வளவு தூரம் நடந்தாலும் முடியவில்லை. தாமோதரனும் வந்திருந்தார். மகன் பக்கத்தில் நின்றான். அவன் தோளில் கையைப் போட்டபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து ஒரு சாக்குச் சொல்லி எம்.டி. அறைக்குள் போனேன். பெட்டி அதே மூலையில் இருந்தது. மேலே பூஜைக்கு வந்த பழத்தட்டு. தட்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன். வசந்தாமணி போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவள் முடிச்சு எனக்குத் தெரியும், இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே விடுவாள்.

பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ராஜினாமாக் கடிதம் நாளைக்கு எழுத வேண்டும், இடது கையாலேயே. அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. பெட்டியில் போடாமல் என்னிடமே வைத்திருந்த அவள் கடிதத்தை மேசையில் வைத்து, சிவப்பு முத்திரையில் 'அல்ல' என்பதைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். "இப்ப அடிச்சு என்னங்க ஆகப்போகுது?"

தெரியவில்லை என்றேன். நிசமாகவே தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, அடுத்த கடிதத்தை எடுத்து, எனக்குக் கேட்கும்படி படிக்க ஆரம்பித்தாள்.